பேட்டரி தாங்கும் தூரம்

பெரியநாயக்கன்பாளையம்,
16.6.2024

அன்புள்ள பாப்பா,

உன் போன் அணைந்தே கிடக்கிறது. புது நம்பர் கேட்டதற்குப் பூஜிதா தரமாட்டேன் என்றுவிட்டாள். "வேணும்னா எழுதி எங்க ஊட்டு அட்ரசுக்குப் போடுங்கண்ணா, அவகிட்டச் சேர்த்தறேன். அதுக்கு மேல என்னையக் கேக்காதீங்க" என்றாள். உன்கூடப் படிக்கிற பிள்ளை என்னிடம் அவ்வளவு கறாராகப் பேசி நான் கேட்டதில்லை. அதனால்தான் வெள்ளகோவிலில் அவள் வீட்டு விலாசத்துக்கு எழுதுகிறேன். பட்டறையில் பில் எழுதுவதைத் தவிர நான் பேனா பிடித்தே வருஷக்கணக்காகிறது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

நல்லாயிருக்கிறாயா? அம்மா கை எப்படி இருக்கிறது? மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் பூஜிதா சொன்னாள்.

காரமடையில் அந்தக் கதவைத் திறந்துகொண்டு அம்மா வந்து நிற்பாள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. நம்மை விட்டுப் போய் ஏழு வருஷம். இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாமல் இருந்தவள். அன்றைக்கு அப்பா வந்து, "ஒரு ஆளப் பாக்கோணும், காரை எடு" என்றார். எடுத்தேன். நீ யாரோ ஒரு பையனோடு பழகுகிறாய், அவனைத்தான் பார்க்கப் போகிறோம் என்று வழியில்தான் சொன்னார். எனக்கும் கோபம் வந்தது. இல்லையென்று சொல்லமாட்டேன். கதவு திறந்ததும் முதலில் யாரென்றே எனக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மாவுக்கு முன்னந்தலை முழுக்க நரைத்துவிட்டிருந்தது. அப்புறம் நடந்ததை நான் எழுத வேண்டாம். நீயும் அங்கேதான் இருந்தாய்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மூன்று மாசமாகச் சனிக்கிழமை தோறும் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு அம்மாவைப் போய்ப் பார்த்திருக்கிறாய். சாயங்காலம் வந்து என் எதிரில் உட்கார்ந்து தோசை தின்றிருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் அவள் அம்மாதானே?

அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று நினைப்பாய். எனக்கும் தெரியவில்லை. மேட்டுப்பாளையம் ரோட்டில் நம்மைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் போய் வருகிறார்கள். யாராவது பார்த்துச் சொல்லியிருப்பார்கள். உன் சிநேகிதிகள் யாரிடமாவது வாய்விட்டிருக்கிறாயா என்றும் யோசித்துப் பார்.

அப்பா என்னோடும் சரியாகப் பேசுவதில்லை. "வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்" என்கிறார். கோபத்தில் சொல்வதுதான். நீ வந்துவிடு. மற்றதை நான் பேசிக்கொள்கிறேன்.

நான் மோட்டார் மாட்டித் தந்த சைக்கிளின் பேட்டரியை முழுக்க இறங்கவிடாதே, சீக்கிரம் கெட்டுவிடும். மழை பிடித்துவிட்டது. ஓட்டும்போது பெடல் போட்டுக்கொண்டே ஆக்சிலேட்டரைத் திருகு, மோட்டாருக்கு நல்லது.

உன் அண்ணன்,
மிதுன்


30.6.2024

அண்ணா,

ஊர் பெயர் எழுதவில்லை. இனி எந்தக் கடிதத்திலும் எழுதமாட்டேன்.

போன வாரம் மழையில் மோட்டார் நடுரோட்டில் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு போனேன். இங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இல்யாஸ் என்று ஒருவர் எலெக்ட்ரிக் வண்டிகளுக்கு ரிப்பேர் பார்க்கிறார். சீட்டுக்கு அடியில் நீ தைத்துக் கட்டிய பையைத் திறந்து கன்ட்ரோலரை வெளியே எடுத்துத் துடைத்தார். ஒரு வயரில் ஈரம், அவ்வளவுதான்.

"ஆரு தங்கச்சி இதை மாட்டுனது?" என்று கேட்டார்.

"எங்க அண்ணன்."

"வேலை சுத்தமா இருக்குது. வயரெல்லாம் எவ்வளவு அழகாக் கட்டியிருக்காரு! ஆனா இந்தப் பொட்டி எதுக்குங்க? மோட்டாருக்கும் இதுக்கும் ஒண்ணும் சம்பந்தமில்லையே. உள்ள சிம் கார்டு இருக்குது பாருங்க."

கறுப்பு டேப் சுற்றிய சின்னப் பெட்டி. வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று யாருடைய போனிலோ காட்டுமாம். திருட்டுப் போகாமல் இருக்க மாட்டுவார்களாம். அவர் எனக்குச் சமாதானம் சொல்வது போலத்தான் சொன்னார். திருடனுக்குப் பயந்து மாட்டியிருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாய் அல்லவா? "பாப்பா, இனி எவனும் கைவைக்க முடியாது பாரு" என்று பெருமையாகக் காட்டியிருப்பாய்.

உன் கடிதத்தைப் படித்த அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? பூஜிதாவைக் கூப்பிட்டு, "நீ யார்கிட்டடி சொன்னே?" என்று கேட்டேன். அம்மா காரமடையில் இருப்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் எவ்வளவோ சொன்னாள், நான் நம்பவில்லை. கடைசியில் அழுதுவிட்டாள். தன் மேல் பழி போட்டு நீ எழுதிய கடிதத்தைத் தன் கையாலேயே எனக்கு அனுப்பிவைத்தவள் அவள். இல்யாஸ் கடையிலிருந்து வந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல விடு" என்றாள். ஆனால் பழைய மாதிரி இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் கொடுத்த அந்த ஓட்டைச் சைக்கிளைப் பட்டறையில் தலைகீழாக நிறுத்திவைத்தாய். பின்சக்கரத்து ஸ்போக்கையெல்லாம் கழற்றி, மோட்டாரை நடுவில் வைத்து ஒவ்வொன்றாகக் கோத்தாய். நான் ரிம்மைப் பிடித்துக்கொண்டேன். அச்சு உள்ளே போகவில்லை என்று அரம் போட்டு ராவினாய். பிரேக் பிடித்தால் மோட்டார் உடனே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பாப்பா விழுந்துவிடுவாள் என்று லீவரைத் திரும்பத் திரும்ப மாற்றினாய். எல்லாம் முடிகிற நேரத்தில், "போய் ரெண்டு டீ வாங்கிட்டு வா" என்றாய். கடைக்காரரைக் கூப்பிட்டால் அவரே கொண்டுவந்து தருவார், எப்போதும் அப்படித்தான். அன்றைக்கு மட்டும் என்னை அனுப்பினாய். அப்போதுதானே வைத்தாய்?

நான் டீயோடு வந்தபோது, "ஏறு, ஓட்டிப் பாரு" என்று சிரித்தாய். உலகத்தில் யாருக்கும் இப்படி ஒரு அண்ணன் இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

காரமடையில் நடந்ததை எழுத வேண்டாம் என்கிறாய். நான் எழுதுகிறேன். அப்பா அம்மாவின் முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையைத் திருகி நிலையிலேயே வைத்து முறித்தார். எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. பக்கத்து வீட்டுப் பூவாத்தாள் அக்கா குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து, லைன் வீட்டு ஜனத்தையெல்லாம் சத்தம் போட்டுக் கூப்பிட்ட பிறகுதான் விட்டார். நீ கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாய். அப்பாவின் தோளுக்கு மேலே உன்னைப் பார்த்தேன். நீயும் என்னைப் பார்த்தாய்.

பெட்டியை இத்துடன் அனுப்புகிறேன். உன் பொருள் உன்னிடமே இருக்கட்டும். மோட்டாரை வைத்துக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கை கூடும்வரை ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் நான்தான் அலைய வேண்டும்.

நந்திதா


பெரியநாயக்கன்பாளையம்,
11.7.2024

அன்புள்ள பாப்பா,

பெட்டி வந்து சேர்ந்தது. அப்பா கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டேன்.

நான்தான் வைத்தேன். முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தபோது கை வரவில்லை. பூஜிதா விஷயத்தில் நான் எழுதியது பெரிய தப்பு. அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடு.

ஆனால் நடந்தது என்ன என்று நீ முழுக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு பஸ் மாறி, தொங்கிக்கொண்டு காலேஜ் போகிறாய் என்று ஒரு ஸ்கூட்டர் வாங்கித் தரச் சொல்லி அப்பாவிடம் எத்தனை தடவை கேட்டேன் என்று உனக்குத் தெரியும். முடியாது என்றுவிட்டார். அப்புறம்தான் சைக்கிளுக்கே மோட்டார் மாட்டலாம், லைசென்ஸ் வேண்டாம், மெதுவாகத்தான் போகும் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும், "பஸ்ஸுல போனா எங்க ஏறுறா எங்க எறங்குறான்னு தெரியும். மோட்டார் மாட்டிக் குடுத்தா ஊரு சுத்துவா, அவங்க ஆத்தாளாட்டம்" என்றார். நான் விடவில்லை. கடைசியில் ஒருநாள் பட்டறையில் எல்லோரும் போன பிறகு சொன்னார்.

"செரி, மாட்டு. ஆனா அவ எங்க போறா வாராங்கறது எனக்குத் தெரியோணும். அவளுக்குத் தெரியக் கூடாது."

"அதெப்படீங்கப்பா..."

"முடியாதுன்னா உடு. சைக்கிளும் வேண்டாம், காலேஜும் வேண்டாம். படிச்ச வரைக்கும் போதும்."

நீயே சொல், நான் என்ன செய்திருக்க வேண்டும்? நம் பாப்பா காலேஜுக்குத்தானே போகப்போகிறாள், அதைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டுமே என்று நினைத்தேன். நீ வீரபாண்டிப் பிரிவைத் தாண்டிக் காரமடை வரை போவாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பெட்டியை வைக்கச் சம்மதித்ததால்தான் உனக்கு அந்தச் சைக்கிள் கிடைத்தது. அந்தச் சைக்கிள் இருந்ததால்தான் நீ அம்மாவைப் பார்த்தாய். இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்.

நீ மட்டும் என்னிடம் உண்மையாக இருந்தாயா? நான் ஒரு பெட்டியை மறைத்தேன். நீ என்னிடம் பெற்ற தாயையே மறைத்தாய். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய். அம்மாவும் உன்னைத்தான் தேடியிருக்கிறாள். நான் என்ன செய்தேன் அவளுக்கு? ஏழு வருஷத்தில் என் குரலைக் கேட்க வேண்டும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லையா? கேட்டுச் சொல்.

கோயில் நோம்பிக்கு ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்தார்கள். நீ எங்கே என்று கேட்டவர்களிடம் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டோம் என்றார் அப்பா. நான் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

மிதுன்


28.7.2024

அண்ணா,

கேட்டேன். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

அம்மா இத்தனை வருஷமும் கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டல் சமையலறையில் இருந்தாள். நான் காலேஜில் சேர்ந்துவிட்டேன் என்று யார் மூலமோ தெரிந்துகொண்டு, காலேஜ் ஆபீஸுக்குப் போன் செய்துதான் என்னைப் பிடித்தாள். தை மாசம் அது. அப்புறம் வாரம் ஒருமுறை பூஜிதா போனில் பேசுவோம். ஒருநாள் சைக்கிளைப் பற்றிச் சொன்னேன். அண்ணன் மோட்டார் மாட்டித் தந்திருக்கிறான், அவனே ஸ்போக் கோத்தான், அவனே வயர் இழுத்தான் என்று சொல்லச் சொல்ல அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அவஞ் சின்னப் பையனா இருக்கறப்பவே ரேடியோவப் பிரிச்சுப் போடுவான்" என்றாள். பிறகு கேட்டாள்.

"ஒருவாட்டி சார்ஜு போட்டா எவ்வளவு தூரம் போகும் கண்ணு?"

"முப்பத்தஞ்சு கிலோமீட்டர் போகும்னு அண்ணன் சொன்னான்."

"போக வரச் சேத்தியா?"

"ஆமா, சேர்த்துத்தான்."

அடுத்த மாசம் கோத்தகிரி வேலையை விட்டுவிட்டுக் காரமடைக்கு வந்துவிட்டாள். தையல் கம்பெனியில் சேர்ந்து, லைன் வீட்டில் ஓர் அறை பிடித்தாள். அவ்வளவு கிட்டே வர வேண்டாம் என்று கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் தடுத்திருக்கிறார்கள். நான் போய்த் திரும்ப வேண்டும், வழியில் சார்ஜ் தீர்ந்து இருட்டில் நின்றுவிடக் கூடாது. அதற்காக வந்தாள். உன் பேட்டரி தாங்கும் தூரத்தைப் பார்த்துத்தான் அண்ணா அம்மா மலையிறங்கி வந்தாள்.

அந்தச் சைக்கிள் இருந்ததால்தான் அம்மாவைப் பார்த்தேன் என்று நீ எழுதியிருப்பது உண்மை. அதனால்தான் இன்றைக்கு அவளால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

அண்ணனிடம் சொல்லட்டுமா என்று முதல் சனிக்கிழமையே கேட்டேன். அம்மா அழுதாள். "எனக்கு மட்டும் அவனப் பாக்கோணும்னு இல்லியா? ஆனா அவனுக்கு எதையும் மறைக்க வராது சாமி. உங்கப்பன் ஒரு பார்வை பாத்தா எல்லாத்தையும் கொட்டிப்போடுவான். கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள். உனக்கு மறைக்க வராதாம். அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பற்றி நான் சொன்னபோதுகூட, "வேற ஆராச்சும் வெச்சிருப்பாங்க" என்றாள். உன் கடிதத்தைப் படித்துக்காட்ட வேண்டியதாயிற்று.

எனக்கு ஒன்று புரியவில்லை. அப்பாவுக்கு வாட்சாப்பில் வந்த போட்டோவைத் திறக்கவே நீ வேண்டும். மேப்பில் ஒரு புள்ளியைப் பார்த்து, அது சனிக்கிழமைதோறும் ஒரே இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்தது யார்?

அம்மா கேஸ் போட்டிருக்கிறாள். அப்பா தரப்பில், அவர் காரமடைக்கே வரவில்லை, அம்மா வாசற்படியில் வழுக்கி விழுந்தாள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வக்கீல் அம்மா சொல்கிறார், அங்கே இருந்த வீட்டு மனிதன் ஒருவன் வந்து சொன்னால் அவர்களால் ஒன்றும் பேச முடியாது என்று. நான் மகள், அம்மாவோடு இருப்பவள், எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்பார்களாம். நீ அப்பாவோடு இருப்பவன். உன் வார்த்தைக்கு எடை அதிகம்.

வருவாயா?

நந்திதா


பெரியநாயக்கன்பாளையம்,
18.8.2024

பாப்பா,

நான்தான் பார்த்தேன்.

ஆப் என் போனில்தான் இருந்தது. அப்பா ராத்திரி சாப்பிட்டு முடித்ததும், "இன்னைக்கு எங்க போனா?" என்பார். நான் பார்த்துச் சொல்வேன். காலேஜ், வீடு. காலேஜ், வீடு. முதல் இரண்டு மாசம் சனிக்கிழமைகளில் காரமடையில் நின்றதை நான் சொல்லவில்லை, காலேஜ் என்றே சொல்லிவிட்டேன். இதை நீ நம்ப வேண்டும். மூன்றாவது மாசமும் அப்படியே போனதும் எனக்கே பொறுக்கவில்லை. யாரோ ஒருத்தன் உன்னை ஏமாற்றுகிறான் என்று நினைத்தேன். என்னிடம் சொல்லாமல் அப்படி என்ன என்று ஆத்திரம். உன்னையே கேட்டிருக்கலாம். கேட்டால் பெட்டி வைத்ததைச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் அப்பாவிடம் சொன்னேன். காரமடையில் அது நடந்த அன்றைக்கே ஆப்பை அழித்துவிட்டேன்.

அம்மா மலையிறங்கிய கதையை நீ எழுதியதை வீட்டில் படிக்க முடியவில்லை. பட்டறைக்கு எடுத்துப் போய் லேத்துக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். நம் கண்ணையா அண்ணன் பார்த்துவிட்டு, "ஏந் தம்பி, கண்ணுல இரும்புத் துருவல் உழுந்துருச்சா?" என்றார். ஆமாம் என்றேன்.

எனக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். கோபிப் பக்கம். ஐப்பசியில் கல்யாணம் என்று பேச்சு. நம் வீட்டுக் கதை அவர்களுக்குத் தெரியாது. நான் கோர்ட்டு ஏறினால் அதுவும் போகும், பட்டறையும் போகும். அப்பா நேரடியாகவே சொல்லிவிட்டார், "அந்தப் பக்கம் ஒரு வார்த்தை பேசுனா இந்த ஊட்டுப் படி ஏறாதே" என்று. இதையெல்லாம் உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆனாலும் வருகிறேன். பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறேன். தேதி மட்டும் எழுது.

மிதுன்


4.9.2024

அன்புள்ள அண்ணா,

இருபத்து மூன்றாம் தேதி, திங்கட்கிழமை. மேட்டுப்பாளையம் கோர்ட்டு. காலையிலேயே வந்துவிடு.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மேப் பார்த்ததை நீயே எழுதிய இடத்தில் என்னால் சட்டென்று படிக்க முடியவில்லை. அம்மாதான், "படி, படி" என்றாள். கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

"வருவானா கண்ணு?"

"வருவாம்மா."

எனக்கு உன் மேல் இருக்கிற கோபம் தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் அன்றைக்கு நீ வந்து நின்று சொல்லிவிட்டால், அதை எங்கிருந்தாவது தொடங்கலாம் என்று நினைக்கிறேன். வீடு போனால் போகட்டும். உன் கை வேலைக்கு எங்கே போனாலும் பிழைக்கலாம். இல்யாஸ் அண்ணனே அன்றைக்கு விசாரித்தார், உன்னை மாதிரி ஆள் கிடைக்குமா என்று. எங்களுக்கு இருப்பது ஓர் அறைதான். மூன்று பேர் படுக்கலாம்.

அம்மா உனக்கென்று ஒரு சட்டை தைக்கத் துணி எடுத்திருக்கிறாள். ஒரு கையால் வெட்ட வராமல் நான் துணியைப் பிடித்துக்கொள்ள அவள் வெட்டினாள். அளவு தெரியாமல் எப்படி என்றேன். உன் அப்பன் அளவுதான் இருப்பான் என்றாள்.

நந்திதா


பெரியநாயக்கன்பாளையம்,
26.9.2024

பாப்பா,

நீ என்னைத் திட்டுவதற்கு முன்னால் நான் எழுதிவிடுகிறேன்.

நான் பொய் சொல்லிவிட்டேன் என்று நினைக்காதே. பெட்டியை நான்தான் மாட்டினேன் என்று சொன்னேன். அப்பா கேட்டதால் மாட்டினேன் என்றும் சொன்னேன். மேப்பைப் பார்த்துச் சொன்னதும் நான், காரமடைக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனதும் நான். எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா அங்கே வரவே இல்லை என்று அவர்கள் கட்டிய கதை என்னால்தான் உடைந்தது. என் மேல் வருகிற பழி ஒன்றையும் நான் மறைக்கவில்லை. நீயே கேட்டாய்.

அப்புறம் உங்கள் வக்கீல் அம்மா கேட்டார்கள். "கையை முறித்ததை நீங்க பார்த்தீங்களா?" அப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார். மிரட்டவில்லை பாப்பா. மிரட்டியிருந்தால் சொல்லியிருப்பேன். கையைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அவருக்கு ஷூவுக்குக் கயிறு கட்டிவிட்டது நான்தான், குனிய முடியவில்லை அவருக்கு. என் வாயிலிருந்து எப்படி வந்தது என்றே தெரியவில்லை. "நான் கார்கிட்ட நின்னுட்டிருந்தனுங்க. சரியாப் பாக்கலீங்க" என்றேன்.

பார்த்தேன் பாப்பா. நீ எழுதியது அத்தனையும் பார்த்தேன். சத்தமும் கேட்டது. உனக்குத் தெரியும். இங்கே எழுதுகிறேன், பார்த்தேன்.

பூவாத்தாள் அக்கா வந்து கணீரென்று சொல்லிவிட்டது நல்லதாகப் போயிற்று. "கண்ணால பாத்தனுங்க. இந்தா இவருதானுங்க" என்று கையை நீட்டினார்கள். அது போதும் என்று வெளியே ஒரு வக்கீல் சொன்னார். நான் சொல்லாததால் கேஸுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

வெளியே வேப்பமரத்தடியில் அம்மாவிடம் வந்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அம்மா திருப்பிக்கொள்ளவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான், "அம்மா, என்னால..." என்று ஆரம்பித்தேன். அவள் என் தோளில் இருந்த ஏதோ தூசியைத் தட்டிவிட்டு, "செரி கண்ணு. நேரமாச்சு, போ" என்றாள். எவ்வளவு தன்மையாகச் சொன்னாள்! ஒரு கடுஞ்சொல் இல்லை. அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெற்ற மனசு அப்படித்தான் இருக்கும். நீயும் கொஞ்சம் மனசு இறங்க வேண்டும்.

கல்யாணம் ஐப்பசி கடைசியில். அம்மாவை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. ஆனால் பெண் வீட்டில் நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது, நீயாவது ஒரு மணி நேரம் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போ. பேட்டரிக்கு வயசாகிவிட்டிருக்கும், பாதித் தூரத்திலேயே இறங்கும். புதுசு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். எங்கே வரட்டும் என்று எழுது, நானே வந்து மாட்டித் தருகிறேன்.

அண்ணன்,
மிதுன்


7.10.2024

மிதுனுக்கு,

உத்தரவு வந்துவிட்டது. அப்பா இனி அம்மா இருக்கிற இடத்துக்கோ வேலை செய்கிற இடத்துக்கோ வரக் கூடாது, ஆள் விட்டும் தொந்தரவு செய்யக் கூடாது. அது பூவாத்தாள் அக்காவால் வந்தது. அவருக்கு அம்மாவைத் தெரிந்தது மூன்றே மாசம். மில்லில் லீவு தரமாட்டேன் என்றதற்கு, ராத்திரி ஷிப்டு பார்த்துவிட்டுத் தூங்காமல் பஸ் ஏறி வந்தார்.

நீ சொல்லாததால் ஒன்றும் குறையவில்லை என்கிறாய். கேஸுக்குக் குறையவில்லை. அது சரிதான்.

பார்த்தேன், பார்த்தேன் என்று எனக்கு எழுதுகிறாய். எனக்கு எதற்கு அது? நான்தான் அங்கே இருந்தேனே. கேட்ட இடத்தில் பார்க்கவில்லை என்றாய். உன் மேல் வருகிற பழியை எல்லாம் ஒப்புக்கொண்டாய், உண்மைதான். அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நம் அண்ணன் வந்துவிட்டான் என்று அம்மாவின் கையைப் பிடித்தேன், கட்டுப் பிரித்த கை என்பதுகூட மறந்துபோய். அடுத்த கேள்விக்கு நீ பதில் சொன்னபோதும் அந்தக் கையை நான்தான் பிடித்திருந்தேன். அவள் மெதுவாக உருவிக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு வரமாட்டேன். நான் ஹாஸ்டலில் இருப்பதாகவே சொல்லிக்கொள்ளுங்கள். பேட்டரி வேண்டாம், இல்யாஸ் அண்ணன் பார்த்துக்கொள்வார். எங்கே வரட்டும் என்று இனிமேல் கேட்காதே. பூஜிதாவிடமும் சொல்லிவிட்டேன், இனி உன் கடிதம் வந்தால் அவள் வாங்கமாட்டாள்.

அம்மா மன்னித்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறாய். அதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன். நீ அப்படி நினைத்துக்கொண்டு இருக்கக் கூடாது.

அம்மா யாரையும் போ என்று சொல்லி அனுப்பமாட்டாள். நான் தெருமுனைக் கடைக்குப் போனாலும் "போயிட்டு வா கண்ணு" என்பாள். கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவரிடமும் "போயிட்டு வாங்க" என்பாள். அன்றைக்குக் கோர்ட்டு வாசலில் அப்பாவின் வக்கீல் ஒதுங்கி வழிவிட்டாரே, அவரிடம்கூட "வாரனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினாள்.

உன்னிடம் "போ" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாலும் காது அங்கேதான் இருந்தது. அடுத்து "வா" என்று சொல்வாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

நந்திதா